கார்ட்டூன் தொடரின் தயாரிப்பாளர் ஆவது எப்படி? சேனல் நிர்வாகி ஆவது எப்படி?

குழந்தைகளுக்கான அனிமேஷன் தொடர் முடிந்ததும் ஓடும் பெயர்ப் பட்டியலில் எக்ஸிகியூட்டிவ் புரொடியூசர், புரொடியூசர், லைன் புரொடியூசர், எக்ஸிகியூட்டிவ் இன் சார்ஜ் என்று பல பதவிகள் வரும். இந்தத் துறைக்கு வர நினைப்பவர்கள் முதலில் இவற்றைப் பிரித்து அறிய வேண்டும். எக்ஸிகியூட்டிவ் இன் சார்ஜ் என்று வருபவர் பெரும்பாலும் சேனல் நிர்வாகி, சேனலின் சம்பளத்தில் இருப்பவர். எந்தத் தொடரை வாங்குவது, அது எந்த வயதுக் குழந்தைகளுக்கு, எந்த நேரத்தில் போடுவது என்று முடிவெடுப்பதும், ஒவ்வொரு கட்டத்திலும் கருத்துச் சொல்வதும் அவர் வேலை. தயாரிப்பாளர் ஸ்டுடியோ பக்கம் இருப்பவர். ஒப்புக்கொண்ட பணத்தில், ஒப்புக்கொண்ட தேதியில், ஒப்புக்கொண்ட தரத்தில் எபிசோடுகளை முடித்துக் கொடுக்கும் பொறுப்பு அவருடையது. எக்ஸிகியூட்டிவ் புரொடியூசர் என்ற பட்டம் பெரும்பாலும் தொடரை உருவாக்கியவருக்கோ ஸ்டுடியோ முதலாளிக்கோ போகும். பட்ஜெட்டையும் அட்டவணையையும் நாள்தோறும் கையில் வைத்திருப்பவர் லைன் புரொடியூசர்.

இரு பக்கமும் ஆட்கள் மாறிமாறிப் போவது வழக்கம். மார்கரெட் லெஷ் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் தட்டச்சுப் பணியில் தொடங்கியவர். என்பிசி சேனலின் குழந்தைகள் பிரிவில் இருந்துவிட்டு 1979இல் ஹன்னா-பார்பெரா ஸ்டுடியோவுக்குப் போனார். 1984இல் மார்வெல் புரொடக்‌ஷன்ஸ் நிறுவனத்துக்கும், 1990இல் ஃபாக்ஸ் சேனலின் குழந்தைகள் ஒளிபரப்புக்கும் தலைவரானார். மார்வெலில் இருந்தபோது எக்ஸ்-மென் தொடரை விற்கப் பார்த்தார், சேனல்கள் வாங்கவில்லை. ஃபாக்ஸுக்கு வந்து வாங்கும் இடத்தில் உட்கார்ந்ததும் அதே எக்ஸ்-மென்னுக்கு அவரே ஒப்புதல் கொடுத்தார். 1992 அக்டோபரில் ஒளிபரப்பு தொடங்கியது. விற்பவரின் சிரமமும் வாங்குபவரின் பயமும் இரண்டும் தெரிந்தவருக்குத்தான் இப்படி முடிவெடுக்க வரும். அதனால் ஒரு பக்கத்தில் நான்கைந்து ஆண்டுகள் இருந்தபின் மறுபக்கம் வாய்ப்பு வந்தால், சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் போய்வருவது நல்லது.

முதல் வேலை

ஸ்டுடியோ பக்கத்து ஏணி தயாரிப்பு உதவியாளர், ஒருங்கிணைப்பாளர், தயாரிப்பு மேலாளர், லைன் புரொடியூசர், புரொடியூசர் என்று போகும். படம் வரையத் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் ஒரு காட்சி எப்படி வரையப்படுகிறது, எங்கே தாமதமாகும் என்பது தெரியாதவர் மேலாளர் பதவிக்கு மேல் நிலைப்பது அரிது. ஹைதராபாத், பெங்களூரு, திருவனந்தபுரம், சென்னை ஸ்டுடியோக்களில் வெளிநாட்டுத் தொடர்களுக்கான அனிமேஷன் வேலை நடக்கிறது. அங்கே ஒருங்கிணைப்பாளராக இரண்டு ஆண்டுகள் இருந்தால், அமெரிக்கத் தயாரிப்பாளருக்கே பல நேரம் தெரியாத பாதி வேலை உங்கள் கைக்கு வந்துவிடும்.

உதவியாளரின் வேலை கோப்புகளைச் சரியான இடத்தில் வைப்பதும், யாரிடம் எது நிற்கிறது என்று கண்காணிப்பதும்தான். கேட்கச் சின்ன வேலை. ஆனால் பெரிய இழப்புகள் இங்கேதான் பிறக்கின்றன. கோப்பின் பெயரில் எபிசோடு எண், காட்சி எண், பதிப்பு எண் மூன்றும் இருக்கட்டும்: 107_042_03 என்றால் முதல் சீசன் ஏழாவது எபிசோடு, 42ஆவது காட்சி, மூன்றாவது பதிப்பு. 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு' என்று பெயர் வைக்க யாரையும் விடாதீர்கள். பழைய அனிமேட்டிக் (காட்சிகளின் ஓவியங்களைக் குரலோடு ஓடவிட்டுப் பார்க்கும் முன்வடிவம்) தவறுதலாக அனிமேஷன் ஸ்டுடியோவுக்குப் போய்விட்டால், அது தெரியவருவதற்குள் அங்கே பத்துப் பதினைந்து காட்சிகள் அனிமேட் ஆகியிருக்கும். அந்தப் பணம் திரும்பாது.

சேனல் பக்கம் முதல் படி, ஒரு நிர்வாகிக்கு உதவியாளராகச் சேர்வது. அங்கே உங்களை அடையாளம் காட்டுவது, வரும் தொடர் யோசனைகளைப் படித்து எழுதிக் கொடுக்கும் ஒரு பக்க மதிப்பீடு. மேலே தலைப்பு, வயது, எபிசோடின் நீளம், எத்தனை எபிசோடு. அடுத்து ஐந்து வரியில் கதை. பிறகு இது யாருடைய ஆசையைப் பற்றிய கதை, அந்த ஆசை ஐம்பது எபிசோடுக்குத் தாங்குமா என்பது. கடைசியில் வேண்டாம், பார்க்கலாம், எடுக்கலாம் என்ற மூன்றில் ஒன்று. 'பார்க்கலாம்' என்பதையே எப்போதும் எழுதுபவரின் மதிப்பீட்டை யாரும் படிப்பதில்லை. பத்தில் எட்டுக்கு வேண்டாம் என்று எழுதும் துணிவு வேண்டும். ஏன் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லவும் வேண்டும்.

யோசனையை விற்பனைக்குத் தயாராக்குதல்

வயதை முதலில் முடிவு செய்யுங்கள். அமெரிக்கச் சேனல்கள் 2 முதல் 5, 6 முதல் 11 என்று பிரிக்கின்றன. 'எல்லா வயதினருக்கும்' என்று எழுதினால் எந்த நிர்வாகியின் மேசைக்கும் உரியதாகாது. நீளமும் வயதைப் பொறுத்தது. பெப்பா பிக் ஐந்து நிமிடம், ப்ளூயி ஏழு நிமிடம். ஆறு வயதுக்கு மேல் 11 நிமிடமும் 22 நிமிடமும் வழக்கம். ஒரு சீசனுக்கு 11 நிமிடத்தில் 52 எபிசோடு என்பது உலகச் சந்தையில் எளிதாக விற்கும் அளவு. இரண்டிரண்டாகச் சேர்த்தால் 26 அரைமணி நேர நிகழ்ச்சி கிடைத்துவிடும்.

தொடரின் அடிப்படை ஆவணத்தை இத்துறையில் பைபிள் என்பார்கள். பத்து முதல் பதினைந்து பக்கம் போதும். ஒரு வரிக் கரு, உலகம் எப்படிப்பட்டது, முக்கியப் பாத்திரங்கள், அவர்களுக்குள் இருக்கும் இழுபறி, ஒவ்வொன்றும் ஒரு பத்தியில் ஆறேழு கதைகள். கூடவே ஒரு முழு ஸ்கிரிப்டும் பாத்திரங்களின் ஓவியங்களும். பெரும்பாலான பைபிள்கள் விழுவது உலகத்தை வர்ணிப்பதிலேயே பக்கங்களைத் தீர்த்துவிடுவதால். கோட்டை, கோள், மந்திரக்கல் என்று எட்டுப் பக்கம் இருக்கும். பாத்திரத்துக்கு என்ன வேண்டும் என்பது இருக்காது. சோதிக்க எளிய வழி உண்டு: உங்கள் இரு முக்கியப் பாத்திரங்களை ஒரு மூடிய அறையில் வைத்து, வெளி ஆபத்து எதுவும் இல்லாமல், இரண்டு பக்கம் உரையாடல் எழுதுங்கள். அங்கே சிரிப்போ சண்டையோ வரவில்லை என்றால் பாத்திரங்கள் இன்னும் தயாராகவில்லை.

ஆவணத்தை வைத்து மட்டும் தொடர் வாங்குவதன் ஆபத்தைக் குறைக்க இன்னொரு வழியும் உண்டு. ஃப்ரெட் சைபர்ட் 1992இல் ஹன்னா-பார்பெராவின் தலைவரானார். அனிமேஷன் ஆள் அல்ல, எம்டிவி இசைச் சேனலிலிருந்து வந்தவர். ஒரே தொடரில் பணத்தைப் போடாமல், வெவ்வேறு படைப்பாளிகளிடம் ஏழேழு நிமிடக் குறும்படங்களாக 48 எடுக்க வைத்தார். 1995இல் கார்ட்டூன் நெட்வொர்க்கில் அவை வரத் தொடங்கின. டெக்ஸ்டர்ஸ் லபாரட்டரி, ஜானி பிராவோ, பவர்பஃப் கேர்ள்ஸ், கரேஜ் எல்லாம் அந்தக் குறும்படங்களிலிருந்து வளர்ந்தவை. இன்று ஒரு சிறு ஸ்டுடியோவால் 48 முடியாது. ஆனால் 90 விநாடிச் சோதனைப் படம் ஒன்று, குரலும் இசையும் சேர்த்து, கட்டாயம் வேண்டும். ஒரு பாத்திரம் நடப்பதும் பேசுவதும் திரையில் தெரிந்தபின் பேரம் பேசும் தொனியே மாறும்.

கொண்டுபோக வேண்டிய சந்தைகள்: அமெரிக்காவில் பிப்ரவரியில் நடக்கும் கிட்ஸ்க்ரீன் மாநாடும், பிரான்சின் அன்னெசி நகரில் ஜூனில் விழாவோடு நடக்கும் மிஃபா சந்தையும். சந்திப்பு நேரங்களை ஆறேழு வாரம் முன்பே கேட்டு வாங்கிவிட வேண்டும்.

பணம் எங்கே தீர்கிறது

தொடர் ஒப்புதலாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒரு எபிசோடு ஒரு பக்கக் கதைக்கருவில் தொடங்கும். பிறகு மூன்று முதல் ஐந்து பக்கச் சுருக்கம், ஸ்கிரிப்ட், குரல் பதிவு, காட்சிகளை வரிசையாகப் படம் வரைந்து காட்டும் ஸ்டோரிபோர்டு, குரலோடு சேர்த்து ஓடும் அனிமேட்டிக், வடிவமைப்பு, வண்ணம், அனிமேஷன், குறைகளைத் திருத்தி வாங்கும் ரீடேக், படத்தொகுப்பு, இசை, ஒலிக்கலவை, ஒப்படைப்பு. மொத்தம் ஒன்பது முதல் பன்னிரண்டு மாதம். நல்ல தயாரிப்பாளரையும் நல்ல நிர்வாகியையும் அடையாளம் காட்டுவது ஒன்றுதான்: முடிவுகளை அனிமேட்டிக் கட்டத்துக்குள் எடுத்துவிடுவது. அனிமேட்டிக்கில் ஒரு காட்சியைத் தூக்க ஒரு மணி நேரம் போதும். அதே காட்சி அனிமேட் ஆகி வந்தபின் தூக்கினால், வரைந்தவர்கள், வண்ணமிட்டவர்கள், பின்னணி தீட்டியவர்கள் எல்லாருடைய வாரங்களும் சேர்ந்து குப்பைக்குப் போகின்றன.

கணக்கைப் பாருங்கள். 11 நிமிடம் என்றால் 660 விநாடி. விநாடிக்கு 24 ஃபிரேம் வீதம் 15,840 ஃபிரேம். ஒரு படத்தை இரண்டிரண்டு ஃபிரேம் நிறுத்தினாலும், ஒரே ஒரு பாத்திரம் ஓயாமல் அசைந்தால் 7,920 நிலைகள். அனிமேட்டிக் ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் நீண்டு போய், அப்படியே அனிமேஷனுக்கு அனுப்பி, பிறகு எடிட்டில் வெட்டுவது என்று விட்டால், 52 எபிசோடில் 52 நிமிடம் வீண். கிட்டத்தட்ட ஐந்து எபிசோடுக்கான அனிமேஷன் செலவு அது. அனிமேட்டிக் 15 முதல் 20 விநாடிக்கு மேல் கூடுதலாக இருந்தால் அனுப்ப மாட்டேன் என்று தயாரிப்பாளர் உறுதியாக நிற்க வேண்டும்.

செலவைக் கதைக்கருவிலேயே கட்டிவைக்கலாம். ஒரு 11 நிமிட எபிசோடுக்கு இரண்டு புதிய இடம், மூன்று புதிய துணைப் பாத்திரம், ஐந்து புதிய பொருள் என்று ஓர் எல்லை வைத்து எழுத்தாளர்களிடம் முதல் நாளே கொடுத்துவிடுங்கள். எண்கள் உங்கள் பட்ஜெட்டைப் பொறுத்து மாறும், எல்லை இருப்பதுதான் முக்கியம். கூட்டம், ஓடும் தண்ணீர், நாலுகால் பாய்ச்சலில் குதிரை, கண்ணாடியில் பிரதிபலிப்பு, நடுவில் உடை மாற்றம் ஆகிய ஐந்தும் சிவப்புக் கொடிகள். 'ஊர்த் திருவிழா' என்று எழுத்தாளர் இரண்டு சொல்லில் எழுதிவிடுவார். அதைத் திரைக்குக் கொண்டுவர நாற்பது பாத்திரம் வேண்டும். திருவிழாவை வேலிக்கு அப்பால் சத்தமாகவும், மேலே தெரியும் ராட்டின விளிம்பாகவும் மாற்றினால் கதை கெடாது, காசும் மிஞ்சும்.

அட்டவணையில் அதிகம் ஏமாறுவது ஸ்டோரிபோர்டு குழுக்களின் எண்ணிக்கையில். ஒரு எபிசோடுக்குப் போர்டு போட ஒரு குழுவுக்கு ஆறு வாரம் ஆகும், வாரத்துக்கு ஒரு எபிசோடு வெளியே போக வேண்டும் என்றால் ஆறு குழு வேண்டும். பணம் மிச்சப்படுத்த ஐந்து குழுவாக்கினால், ஆறு வாரத்துக்கு ஐந்து எபிசோடுதான் வரும். 52 எபிசோடு முடிய 52 வாரத்துக்குப் பதில் 62 வாரத்துக்கு மேல் ஆகும். அந்தப் பத்து வாரமும் அலுவலக வாடகை, இயக்குநர், எடிட்டர், மேலாளர் சம்பளம் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு குழுவைக் குறைத்ததில் மிஞ்சியது அதில் கரைந்துபோகும்.

குறிப்பு எழுதும் கலை

சேனல் நிர்வாகியின் கைவேலை என்று ஒன்றைச் சொல்வதானால் அது குறிப்பு எழுதுவதுதான். கதைக்கரு, சுருக்கம், ஸ்கிரிப்ட், அனிமேட்டிக், முதல் எடிட் என்று ஐந்து இடத்தில் அவர் கருத்து எழுதுகிறார். இரண்டு வேலை நாளுக்குள் எழுதிவிட வேண்டும். சேனலில் நான்கு பேர் பார்த்தாலும் ஸ்டுடியோவுக்கு ஒரே ஆவணம்தான் போக வேண்டும். உள்ளே கருத்து முரண் இருந்தால் அனுப்பும் முன் அதைத் தீர்ப்பது நிர்வாகியின் கடமை. 'இன்னும் வேகமாக' என்று ஒருவரும் 'கொஞ்சம் நிதானமாக' என்று இன்னொருவரும் எழுதிய குறிப்பு ஸ்டுடியோவுக்குப் போனால், அங்கே வேலை நின்றுவிடும்.

தீர்வைவிடப் பிரச்சினையைச் சொல்லுங்கள். 'பூனையை நாயாக மாற்றவும்' என்ற குறிப்பு இயக்குநரை எரிச்சலூட்டும். எதற்காக என்றும் புரியாது. 'இரண்டாம் காட்சியில் பூனை ஏன் அழுகிறது என்று ஐந்து வயதுக் குழந்தைக்குப் புரியாது. பந்து தொலைந்ததை நாம் பார்க்கவே இல்லை' என்றால், அவரே பந்து உருண்டு போகும் ஒரு ஷாட்டைச் சேர்த்துவிடுவார். பூனை பூனையாகவே இருக்கும். கட்டாயம் மாற்ற வேண்டியவை, விருப்பமானவை என்று இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். ஸ்கிரிப்டில் ஒத்துக்கொண்ட விஷயத்தை முதல் எடிட்டில் எதிர்க்காதீர்கள். அப்படிச் செய்யும் நிர்வாகியின் ஸ்கிரிப்ட் குறிப்புகளை அதன்பின் யாரும் நம்புவதில்லை.

வெளி ஸ்டுடியோவும் ரீடேக்கும்

அனிமேஷன் பெரும்பாலும் வேறு நாட்டில் நடக்கும். அனுப்பும் தொகுப்பில் உறுதியான அனிமேட்டிக், உரையாடல் ஒலி, வடிவமைப்புகள், வண்ண மாதிரி, பின்னணிகள், வாய்வடிவப் பட்டியல், எந்த ஃபிரேமில் எந்தப் படம், எந்த ஒலி என்று எழுதிய எக்ஸ்-ஷீட் எல்லாம் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அங்கே ஊகித்துச் செய்வார்கள். அந்தத் தவறுக்கான பொறுப்பு ஸ்டுடியோவினுடையது அல்ல, உங்களுடையது.

படம் திரும்பி வந்ததும் காட்சி எண், ஃபிரேம் எண், குறை என்று பட்டியலிடுங்கள். 'காட்சி 84: வெட்டுக்குப் பின் பை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாறிவிட்டது' என்பது போலத் துல்லியமாக இருக்கட்டும். பிறகு பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள்: அவர்கள் செய்த பிழை, நாம் மனம் மாறியது. முதலாவதைச் செலவின்றித் திருத்தித் தருவார்கள், இரண்டாவதற்குக் காசு கொடுக்க வேண்டும். எது பிழை, எத்தனை சுற்று ரீடேக் என்பதையெல்லாம் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்க வேண்டும். எல்லாவற்றையும் திருத்த நேரம் இருக்காது. கதை புரியாமல் போகச் செய்யும் குறைக்கு முதலிடம், முகமும் உதடும் அடுத்தது. பின்னணியில் ஓர் இலையின் நிறம் மாறியிருந்தால் விட்டுவிடலாம்.

குழந்தைகளின் பாதுகாப்பு

எல்லாச் சேனலிலும் ஒளிபரப்பு நெறிப் பிரிவு ஒன்று உண்டு. அவர்கள் தேடுவது குழந்தை வீட்டில் அப்படியே செய்து பார்த்துவிடக்கூடிய செயல்களை. பூதத்தோடு வாள்சண்டை கூடக் கடந்துபோகும், ஆனால் குளிர்சாதனப் பெட்டிக்குள் ஒளிவது, தலைக்கவசமின்றி சைக்கிள், பிளக்கில் விரல் வைப்பது கடக்காது. ஸ்கிரிப்ட் நிலையிலேயே அவர்களிடம் காட்டிவிடுங்கள்.

ஒளிச்சிமிட்டல் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியது. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ஒளிபரப்பான போக்கிமான் எபிசோடு ஒன்றில் சிவப்பும் நீலமும் விநாடிக்குப் பன்னிரண்டு முறை வேகத்தில் மாறிமாறி மின்னின. வலிப்பு, மயக்கம், வாந்தி என்று 600க்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் குழந்தைகள், மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். திரையின் கால் பங்குக்கு மேல் மறைக்கும் சிமிட்டல் விநாடிக்கு மூன்று முறைக்கு மேல் வரக்கூடாது என்பது பிரிட்டனில் கடைப்பிடிக்கும் அளவு. ஹார்டிங் சோதனை என்ற மென்பொருள் பரிசோதனைச் சான்று இல்லாமல் பல சேனல்கள் எபிசோடை ஏற்பதில்லை. இடி, வெடி, மந்திர ஒளி உள்ள காட்சிகளை முதல் எடிட்டிலேயே சோதித்துவிடுங்கள், ஒலிக்கலவை முடிந்தபின் படத்தை மாற்றுவது பெரும்பாடு.

அமெரிக்காவில் 1990இல் வந்த சட்டப்படி 12 வயது வரையிலானவர்களுக்கான நிகழ்ச்சியில் விளம்பரம் வார நாளில் மணிக்கு 12 நிமிடம், வார இறுதியில் பத்தரை நிமிடம்தான். தொடரின் பாத்திரம் அதே தொடரின் இடைவேளை விளம்பரத்தில் பொம்மை விற்கக்கூடாது. பொம்மை உரிமையை நம்பிப் பட்ஜெட் போடுபவர் இதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

குழந்தைகளிடம் காட்டிப் பார்ப்பதையும் கடைசிக்குத் தள்ளாதீர்கள். 1996இல் தொடங்கிய ப்ளூஸ் க்ளூஸ் தொடரின் குழு ஒவ்வோர் எபிசோடையும் தயாரிப்பின் வெவ்வேறு கட்டங்களில் மூன்று முறை மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம் சோதித்தது. பெரிய ஆய்வு நிறுவனம் தேவையில்லை. நாலைந்து குழந்தைகள் போதும். பார்த்து முடித்தபின் 'பிடித்ததா' என்று கேட்காதீர்கள், எல்லாரும் ஆமாம் என்பார்கள். கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். எந்த இடத்தில் கண் திரையைவிட்டு விலகியது என்று நேரம் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒப்படைப்பு, டப்பிங், உரிமை

ஒப்படைக்கும்போது படத்தோடு சேர்ந்து போக வேண்டியவை: உரையாடல் நீக்கிய இசை-ஒலிவிளைவுத் தடம், எழுத்து இல்லாத படப் பகுதிகள், நேரக்குறிப்போடு உரையாடல் பட்டியல், இசை எவ்வளவு நேரம் எங்கே வருகிறது என்ற பட்டியல், ஒளிச்சோதனைச் சான்று. முதலாவது இல்லாவிட்டால் வேறு மொழிக்கு விற்கவே முடியாது. சிரிப்பு, மூச்சிரைப்பு, தும்மல் எல்லாவற்றையும் தனித் தடத்தில் வைத்தால் டப்பிங் செய்பவர்கள் வாழ்த்துவார்கள்.

தமிழில் வரப்போகும் தொடர் என்றால் இன்னும் சில. ஆங்கில எழுத்தையோ எதுகையையோ வைத்துத் திருப்பம் அமைந்த கதை தமிழில் நிற்காது, கதைக்கருவிலேயே தவிர்க்கலாம். டோரா குழந்தைகளைக் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருப்பாள். சுட்டி டிவியில் 'டோராவின் பயணங்கள்' பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த இடைவெளி நன்றாக நினைவிருக்கும். தமிழ் வாக்கியம் நீண்டு அந்த மௌனத்துக்குள் புகுந்தால் குழந்தை பதில் சொல்ல நேரமே இருக்காது. கேள்வியைச் சுருக்கி எழுதுங்கள். மௌனத்தில் கை வைக்காதீர்கள்.

உரிமை பற்றி: சேனல் ஒரு யோசனையைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பிடித்துவைக்க முன்பணம் தரும். பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதம் வழக்கமான காலம். அது முடிந்தும் தயாரிப்பு தொடங்காவிட்டால் உரிமை தானாகவே உங்களிடம் திரும்ப வேண்டும் என்ற பிரிவு ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று வக்கீலோடு உட்கார்ந்து பாருங்கள். ஹைதராபாத்தின் கிரீன் கோல்டு ஸ்டுடியோ 2008இல் போகோ சேனலில் வந்த சோட்டா பீம் பாத்திரத்தின் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. படங்களும் பொம்மைகளும் புத்தகப்பைகளும் அந்த உரிமையிலிருந்து வந்தவை. முழு உரிமையையும் சேனல் கேட்டால், குறைந்தது இந்த மூன்றையாவது பேசி வாங்குங்கள்: விற்பனைப் பொருள் வருமானத்தில் பங்கு, அடுத்த சீசனிலும் உங்களுக்கே தயாரிப்புப் பொறுப்பு, திரையில் உங்கள் பெயர் எந்த வரிசையில், எவ்வளவு நேரம் வரும் என்பது.